812ஆம் எண் வண்டி

நியூ ஜெர்சியில் தங்கை வீட்டுக்குப் போனால் ஒரு மதியமாவது அங்கிருக்கும் 'டைனர்' என்ற வகை ஓட்டலில் சாப்பிடுவோம். வெளியே பளபளவென எஃகுத் தகடு, உள்ளே சிவப்பு ஸ்டூல்கள், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. சூப் வரும்வரை தங்கை மகனிடம், "இது பழைய ரயில் பெட்டிடா. சக்கரத்தைக் கழற்றிட்டு ஓட்டலாக்கிட்டாங்க" என்றேன்.

பையன் அதை அப்படியே காப்பி ஊற்ற வந்த பணிப்பெண்ணிடம் ஒப்பித்துவிட்டான். அவர் சிரித்தார். கட்டடத்துக்கு இருபது வயதுகூட ஆகவில்லையாம். நிஜமான பழைய டைனர் என்றால், அதைச் செய்த கம்பெனியின் தகடு வாசலருகே எண்ணோடு இருக்கும், தேடிப் பார் என்றார். தேடினோம், இல்லை. குழந்தையிடம் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று எனக்கு உறுத்தியது. அன்று இரவே படிக்க உட்கார்ந்தேன்.

தடம் ரயிலுக்குப் போகவில்லை, குதிரைக்குப் போனது. 1872இல் ரோட் ஐலண்டின் பிராவிடென்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் சாப்பாடு கொண்டுவந்து, 'பிராவிடென்ஸ் ஜர்னல்' பத்திரிகை அலுவலகத்துக்கு வெளியே நிறுத்தினார். இரவில் மற்ற ஓட்டல்கள் அடைத்த பிறகு, ராவேலைக்காரர்களுக்குக் கிடைத்த சூடான காப்பி அது. வண்டிக்குள் அவர், தெருவில் நின்றபடி சாப்பிடுகிறவர்கள். நம் கையேந்தி பவனேதான்!

மழையிலும் பனியிலும் எத்தனை நாள் நிற்பார்கள்? 1887இல் மாசசூசெட்ஸின் வூஸ்டரில் சாமுவேல் ஜோன்ஸ், ஆட்கள் உள்ளே ஏறி நின்று சாப்பிடும்படியான வண்டியைக் கொண்டுவந்தார். அதே ஊர்க்காரர் சார்லஸ் பாமர் 1891இல் இப்படிப்பட்ட வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். பொழுது விடிந்தபின் வண்டிகள் தெருவில் நிற்கக் கூடாது என்று நகரங்கள் கெடுபிடி செய்யவே, அவை காலி மனைகளுக்கு ஒதுங்கி, அங்கேயே ஊன்றிக்கொண்டன.

நான் சொன்னதில் ஒரு துளி உண்மையும் இருந்தது. மின்சார டிராம் வந்ததும் கழித்துக்கட்டிய குதிரை டிராம் பெட்டிகள் சிலவற்றை மலிவாக வாங்கி ஓட்டலாக்கியிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான டைனர்கள் டைனராகவே தொழிற்சாலையில் பிறந்தவை. முழுதாகச் செய்து, ஏற்றிக்கொண்டுபோய் இறக்கவேண்டும் என்பதால்தான் அந்த ஒடுக்கமான நீளம். நீளமான கவுண்டரும் அப்படித்தான்: ஒரே ஆள் திரும்பிச் சமைத்து, திரும்பிப் பரிமாறிவிடலாம். எஃகுப் பளபளப்பு பிற்பாடு வந்தது. 1934இல் ஓடத் தொடங்கிய பர்லிங்டன் செஃபிர் போன்ற ரயில்களின் அழகில் ஊரே மயங்கிக் கிடந்த காலம். ரயிலைப் பார்த்துப் போட்டுக்கொண்ட சட்டையைத்தான் நான் உடம்பு என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது பையனைக் கூட்டிக்கொண்டு வூஸ்டருக்கே போனேன். வூஸ்டர் லஞ்ச் கார் கம்பெனி 1906இல் தொடங்கி, 650க்கும் மேற்பட்ட டைனர்களைச் செய்து அனுப்பிய ஊர். முதல் வண்டிக்கே 200 என்று எண் கொடுத்தார்களாம். 1948இல் செய்த 812ஆம் எண் வண்டி, 'மிஸ் வூஸ்டர்' என்ற பெயரில், கம்பெனி இருந்த இடத்துக்கு எதிரிலேயே நிற்கிறது.

கவுண்டரில் அவனுக்குக் கால் எட்டவில்லை. "மாமா, இது எவ்வளவு தூரம் வந்துச்சு?" என்றான். ஜன்னல் வழியே எதிர்ப்பக்கத்தைக் காட்டினேன். தெருவைத் தாண்டியதுதான் அதன் பயணம்.