முந்தலில் கை காட்டும் சக்கரம்

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூர் தெருக்களில் ஜீப் சத்தம் தொடங்கிவிடும். தூக்குவாளியும் சாக்குமாகப் பெண்கள் ஏறி நெருக்கி உட்கார, வண்டிகள் மலைக்குக் கிளம்பும். முந்தலைத் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறை என்று கேரளப் பக்கம் விரிந்து கிடக்கும் ஏலத்தோட்டங்கள். சாயங்காலம் அதே வண்டிகள் அதே வளைவுகளில் இறங்கி வரும். இந்த ஊரில் ஜீப் என்பது பந்தாவுக்கு வாங்குகிற வண்டி இல்லை. பல வீடுகளில் உலை கொதித்தது அதனால்தான்.

அப்படி உழைத்து ஓய்ந்த ஒரு ஜீப், ஒரு வீட்டு முற்றத்தில் பல வருடங்களாகத் தார்ப்பாய்க்குள் நின்றது. 1960களின் கடைசியில் வந்த வண்டி. வீட்டுக்காரர் அதை மூன்றாவது கையாக வாங்கி மலைக்கு ஆள் ஏற்றி ஓட்டினார். அவர் மனைவியும் அதே வண்டியில் காய் எடுக்கப் போனவர்தான். அவர் காலமான பிறகு வண்டியை விற்கச் சொல்லிப் பலர் வந்தார்கள். அந்த அம்மா கொடுக்கவில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன், லீவுக்கு லீவு வந்து அதைப் புதுப்பிக்க ஆரம்பித்தார். எஞ்சின் வேலை முடிந்தது, பெயிண்ட் அடித்தாயிற்று. சக்கரம் மட்டும் பாக்கி.

மகனுக்கு ஆசை, பழைய பாணி அலாய் வீல் போடவேண்டும் என்று. போனில் ஒரு படத்தைக் காட்டினார். பத்து அங்குல அகலம், உள்ளே குழிந்த கறுப்புச் சக்கரம், நடுவில் பெரிய மூடி.

“எப்படிம்மா இருக்கு?”

“பளபளன்னு நல்லாத்தான் இருக்கு. இதுல சூடு எப்படிப்பா தெரியும்?”

மகனுக்குப் புரியவில்லை. அம்மா சொன்னார். மலை இறங்கி முந்தலில் வண்டியை நிறுத்தியதும் அப்பா முதலில் டீக்கடைக்குப் போகமாட்டாராம். நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து, தொடாமல், ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ளங்கையைக் காட்டுவார். நான்கும் ஒரே மாதிரி சுட்டால் சரி. ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். மறுநாள் காலைக்குள் அதைப் பார்த்தாகவேண்டும். பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்து வருகிறார்களே!

அவர் தினமும் கையால் அளந்தது சின்னச் சூடு அல்ல. இரண்டு டன் எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தின் முழு ஆற்றலும் பிரேக்கிலேயே வெப்பமாக மாறினால், 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வந்துவிடும். நல்ல டிரைவர் ஏறின கியரிலேயே இறங்கி, பாதிச் சுமையை எஞ்சினிடம் கொடுத்துவிடுவார். மீதி, டிரம் வழியாகக் காற்றுக்குப் போகவேண்டும். காற்றுக்கும் டிரம்முக்கும் நடுவில் நிற்பது சக்கரம்தான்.

அலாய் சக்கரத்தின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1924ல் பிரான்ஸின் லியோன் நகரில் நடந்த கிராண்ட் ப்ரீ பந்தயத்துக்குப் புகாட்டி டைப் 35 வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு வந்தது. எட்டுப் பட்டை ஆரங்கள். பிரேக் டிரம்மும் சக்கரத்தோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தது. எடை குறையவேண்டும், சூடு சீக்கிரம் வெளியேறவேண்டும் என்பதே நோக்கம். 1960களில் இங்கிலாந்தில் மினி கார்களால் புகழ் பெற்ற மினிலைட்டும் எட்டு ஆரச் சக்கரம்தான், அது மக்னீசியம். இன்று அழகு என்று நாம் பார்க்கிற இடைவெளி, அன்று காற்றுக்காக விட்டது.

ஜீப்புக்கு எந்த ரெட்ரோ? உண்மையைச் சொன்னால், இந்த வயது ஜீப் பிறந்தபோது அதன் காலில் இருந்தது 16 அங்குல இரும்பு டிஸ்க், ஒல்லியான 6.00-16 டயர். அதுதான் அசல். அலாய் வேண்டுமென்றால், 1970களில் அமெரிக்க ஜீப்காரர்கள் விரும்பிப் போட்ட, சுற்றிலும் நீள்துளைகள் கொண்ட அலுமினியச் சக்கரம் இதற்குப் பொருந்தும். மினிலைட் குட்டிக் காருக்கு அழகு. ஜீப்புக்குப் போட்டால், வேட்டிக்கு மேல் கோட்டு மாட்டியது போல இருக்கும்.

மகன் படங்களை விட்டுவிட்டு எண்களுக்கு வந்தார். வில்லிஸ் வழி வந்த ஜீப்புகளில் ஐந்து ஸ்டட். அவற்றின் நடுப்புள்ளிகள் வழியாக ஒரு வட்டம் போட்டால் குறுக்களவு ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர். கடைக்காரர் பி.சி.டி. என்று கேட்பது இதைத்தான். ஜிப்சிக்கும் இதே அளவு என்பதால் சந்தையில் சக்கரம் கிடைக்கிறது. ஆனால் ஸ்டட் பொருந்திவிட்டால் கல்யாணம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ஃபோர் வீல் ஜீப்பின் முன் ஹப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நடுத்துளை அதற்கு வழிவிடவேண்டும். கார்களில் இன்னொரு வம்பு உண்டு. பியட் கார்கள் பலவற்றில் நான்கு துளை, 98 மில்லிமீட்டர். வேறு பல சின்னக் கார்களில் 100. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று முறுக்கி ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நட் சாய்ந்து உட்காரும். ஓடும்போது அது சும்மா இருக்காது.

அடுத்தது ஆப்செட். சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே இருக்கிறது என்பது. அந்தப் பத்து அங்குலச் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் வகை. எடை வெளியே தள்ளிப்போகும்போது பேரிங்குக்கும் கிங்பின்னுக்கும் பாரம் கூடும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியைக் கொண்டை ஊசியில் ஒடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். டயர் உயரமும் முக்கியம். 6.00-16 டயர் சுமார் 28 அங்குல உயரம். 15 அங்குலச் சக்கரத்தில் 215/75 டயர் போட்டால் 27.7 அங்குலம் வருகிறது. கியரின் கணக்கும் ஸ்பீடோமீட்டரின் கணக்கும் பெரிதாக மாறாது. சக்கரத்தின் உட்புறம் பொறித்திருக்கும் சுமை அளவையும் பார்க்கவேண்டும். இரண்டு டன்னை நாலால் வகுத்தால் தலைக்கு 500 கிலோ. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரங்கள் அதைவிட நிறையவே தாங்கும். அதனால் 500 என்று பொறித்திருந்தால் போதாது.

செகண்ட் ஹேண்டில் ஒரு செட் மலிவாக வந்தது. மெக்கானிக் தம்பி பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார். ஒரு சக்கரத்தில் வெல்டிங் தடம். இரும்பு டிஸ்க் பள்ளத்தில் விழுந்தால் வளையும், பட்டறையில் தட்டி நிமிர்த்திவிடலாம். வார்ப்பு அலாய் விரிசல் விடும். ஒட்டவைத்த சக்கரத்தை நம்பி மலை ஏறுவதை விட நடந்து போவது நல்லது. அந்த செட் திரும்பிப் போனது.

சட்டத்தையும் பார்த்தார்கள். உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. 50 வயது தாண்டிய வண்டிக்கு, 2021 விதிப்படி 20,000 ரூபாய் கட்டி ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். ஆனால் அப்புறம் கண்காட்சி, ஊர்வலம் என்று போகலாமே தவிர, நினைத்தபோது வெளியே எடுக்க முடியாது. அம்மாவுக்கு மலைக்குப் போகவேண்டும். அதனால் அந்த யோசனை கைவிடப்பட்டது.

கடைசியில் வந்தது 15 அங்குலத்தில் ஆறு அங்குல அகலம், நீள்துளைகள் கொண்ட வெள்ளிநிறச் சக்கரம். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து. ஒரு துளை வழியாகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் அம்மா தலையாட்டினார்.

பழைய டிஸ்க்கைக் கழற்றிய அன்று ஒரு கூத்து. இடது பின் சக்கரத்தின் நட் அசையவில்லை. மெக்கானிக் தம்பி வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நிற்கப் போனார்.

“ஏப்பா, நில்லு! இடது பக்கம் எதிர்ச்சுத்து” என்று திண்ணையிலிருந்து குரல் வந்தது.

அதுதான் சரி. பழைய வில்லிஸ் வகையில் இடது பக்க ஸ்டட்டுகளில் மரை தலைகீழாக இருக்கும். ஓட்டத்தில் நட் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அன்றைக்குச் செய்த ஏற்பாடு. தெரியாமல் வழக்கமான திசையில் திருகினால் இன்னும் இறுகும், அல்லது ஸ்டட் உடையும். வழியில் பஞ்சரானபோதெல்லாம் கணவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர் அந்த அம்மா. “அக்காவுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலையே” என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார். அலாய்க்கு வாங்கி வைத்திருந்த புது நட்டுகளில் பாதி கடைக்குத் திரும்பின. இடது பக்கத்துக்குத் தலைகீழ் மரை நட் தேடிப் பிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. நட்டின் சரிவும் சக்கரத்துளையின் சரிவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, டார்க் ரென்ச்சில் முறுக்கி, நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை முறுக்கினார்கள்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகனும் போடிமெட்டு போய், கட்டஞ்சாயா குடித்துவிட்டு, இரண்டாவது கியரில் இறங்கி வந்தார்கள். முந்தலில் வண்டி நின்றதும் அம்மா இறங்கி, நான்கு சக்கரத்துக்கும் கையைக் காட்டிக்கொண்டே சுற்றி வந்தார். இடது பின் சக்கரத்தில் மட்டும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் மெக்கானிக் தம்பி அந்த டிரம்மைக் கழற்றினார். பிரேக் ஷூவின் ஸ்பிரிங் ஒன்று தளர்ந்திருந்தது.