நகக்குறி

கீரப்பாளையம் கடைத்தெருவில் முள்ளங்கி விற்கும் மூதாட்டி ஒருவரிடம் நான் காய் வாங்குவதுண்டு. தழையோடிருந்தால் புதுக்காய் என்று நாம் மகிழ்கிறோம். பறித்த பின்னும் தழை கிழங்கின் நீரை உறிஞ்சி ஆவியாக்கும், கிழங்கு துவண்டுவிடும். ஆதலின் அவர் தழையை அரிந்து கீரையாக விற்கிறார். கிழங்கை ஈரச்சாக்கால் மூடுகிறார். குளிர்நாடுகளில் ருட்டபாகா என்னும் கிழங்கின்மீது மெழுகு பூசுவதும் நீர் வற்றாதிருக்கவே.

நாமோ முற்றலா என்றறிய நகத்தால் கீறிவிட்டு, வேறொன்றை எடுக்கிறோம். கீறிய இடத்தில் அழுகல் நுழையும். மாலையில் அதனை வாங்குவாரில்லை. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் இடைத்தரகரை விலக்க முயன்றது. நம் நகம் விளைக்கும் இழப்பை யார் விலக்குவார்?

ஒரே பருமனுள்ள இரண்டைக் கையிலேந்திப் பாருங்கள், கனமானதே சாறுள்ளது. கீறித்தான் பார்ப்பீராயின், கீறியதையே வாங்குங்கள்.