கியர்பாக்ஸை இறக்கிய பிறகு

பழுதானதைச் சரிசெய்து ஓட்டும் வீட்டில் வளர்ந்தவன் நான். அப்பாவின் அம்பாசிடரில் ஒரு பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது கடைசி வழி. கார்பரேட்டரைக் கழுவி மாட்டுவார்கள். பிரேக் டிரம்மை லேத்தில் கொடுத்துச் சீவுவார்கள். கிளட்ச் வேலை வந்தால் ஃப்ளைவீலுக்கும் ஒரு ஃபேசிங் போட்டு, அதாவது அதன் முகத்தை லேத்தில் சீவிப் பழையபடி பூட்டுவார்கள். வண்டி நன்றாகவே ஓடியது. கோயமுத்தூரில் இது பெரிய விஷயமில்லை. வார்ப்பட ஆலைகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த ஊர் இது. இரும்பைச் சீர்ப்படுத்த ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

அதனால், முதல் கியர் போட்டுக் கிளட்சை விடும்போது என் கார் உதற ஆரம்பித்தபோதே, கழற்றிப் பார்க்கும் முன்னரே, என் மனம் முடிவு செய்துவிட்டது: கிளட்ச் செட் புதிது, ஃப்ளைவீலுக்கு ஃபேசிங். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு அடிக்கடி ஏறி இறங்கும் பெட்ரோல் வண்டி அது. விடுமுறை நாள் நெரிசலில் வளைவுக்கு வளைவு நின்று, அரைக் கிளட்சில் ஊர்ந்துதான் மேலே போக முடியும். அந்த நேரமெல்லாம் கிளட்ச் பிளேட் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே சுழல்கிறது. அதில் பிறக்கும் சூடு அதன் இரு பக்கத்து இரும்பிலும் இறங்குகிறது. ஒரு பக்கம் பிரஷர் பிளேட். மறுபக்கம் கிராங்க் ஷாஃப்டின் முனையில் போல்ட் போட்டு இறுக்கிய ஃப்ளைவீல். கிளட்ச் செட் வாங்கும்போது பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் புதிதாக வந்துவிடும். பழைய சூட்டின் தடங்களோடு வண்டியிலேயே தங்கிவிடுவது ஃப்ளைவீல்தான்.

கியர்பாக்ஸை இறக்கியதும் மெக்கானிக் கூப்பிட்டுக் காட்டினார். ஃப்ளைவீலின் முகத்தில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருந்தது. நடுவே மயிரிழைக் கோடுகள். "ஒரு ஃபேசிங் போட்டாச் சரியாயிருமுங்கண்ணா" என்றார். நான் கேட்க விரும்பியதும் அதைத்தான். நானே அதைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

லேத்காரர் வயதானவர். முகத்தைத் தின்னர் போட்டுத் துடைத்து, லேத்தில் மாட்டி, மெலிசாக ஒரே ஒரு சீவல் எடுத்தார். நீலம் போய்விட்டது; முகம் வெள்ளிபோல் ஆகிவிட்டது. எனக்கு நிம்மதி. அவரோ ஓட்டத்தை நிறுத்தி, "இங்க தடவிப் பாருங்க" என்றார். நீலம் இருந்த இடங்களெல்லாம் விரலுக்குச் சின்னச் சின்ன மேடாகத் தட்டுப்பட்டன. "டூல் இதும்மேல ஏறிக் குதிக்குதுங்க. இந்த இடமெல்லாம் வெந்து இறுகிப்போச்சு."

ஃப்ளைவீல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அரைக் கிளட்சில் அதன் முகத்தில் சில இடங்கள் மட்டும் 700 டிகிரிக்கு மேல் சூடேறலாம். உடனே சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். காய்ச்சிய இரும்பைக் கொல்லர் தண்ணீரில் முக்குவது போலத்தான் இதுவும். அந்த இடத்தில் இரும்பின் உள்ளமைப்பே மாறிக் கடினமாகிவிடுகிறது. நிறம் மேலே தெரிவது. கடினம் உள்ளே சில மில்லிமீட்டர் ஆழம்வரை இருக்கலாம். லேத் டூலால் அதைச் சமமாக வெட்ட முடியாது. கிரைண்டிங் கல் மட்டமாக்கிவிடும். ஆனால் ஓட்டத்தில் சூடேறும்போது அந்தத் திட்டுகள் மற்ற இடத்தைப் போல விரிவதில்லை, மற்ற இடத்தைப் போலப் பிடிப்பதுமில்லை. உதறல் திரும்ப வருவது அதனால்தான்.

பிறகு அவர் நகத்தால் அந்தக் கோடுகளின் குறுக்கே இழுத்துக் காட்டினார். பலவற்றில் நகம் வழுக்கிப் போனது. அவை மேலோட்டமானவை, சீவினால் போய்விடும். ஒன்றில் நகம் மாட்டியது; அது ஆழமான விரிசல். அது போல்ட் துளையை நோக்கி ஓடியிருந்தது. "கிரைண்டிங் போட்டுத் தர்றேன்னா எனக்குக் கூலிதானுங்க. பாக்கவும் நல்லா இருக்கும். ஆனா இத மாட்டாதீங்க." எடுத்த ஒரு சீவலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

வெளிப்படையாகவே சொல்கிறேன்: அந்த நேரத்தில் எனக்கு நன்றி தோன்றவில்லை, ஏமாற்றம்தான் இருந்தது. ஃபேசிங் என்றால் நூறுகளில் முடியும். புது ஃப்ளைவீல் ஆயிரங்களில். இன்னொரு பட்டறையில் கேட்டுப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். நல்ல இரும்பைத் தூக்கிப்போடுவது வீண் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த குரல் உள்ளே வாதாடிக்கொண்டே இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் மனம் தெளிந்தது. ஃபேசிங் கூலியையும் புது ஃப்ளைவீல் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பொருந்தாத கணக்கு. கிளட்ச் வேலையில் பெரிய செலவு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதில் இருக்கிறது. உதறல் திரும்பினால் அந்தக் கூலி முழுவதும் இன்னொரு முறை. கூடவே இப்போது வாங்கும் புதுக் கிளட்ச் பிளேட்டும் பாழ். இந்தச் செலவையும் சேர்த்துக்கொண்டால் புது ஃப்ளைவீல்தான் மலிவு.

விரிசலுக்கோ அந்தக் கணக்கே தேவையில்லை. 25 செ.மீ. விட்டமுள்ள ஃப்ளைவீல் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 280 கி.மீ. வேகத்தில் போகிறது. ஓட்டுநரின் பாதத்துக்கு வெகு அருகில். உடைந்து தெறித்தால் கிளட்ச் ஹவுசிங் அதைத் தடுத்து நிறுத்தும் என்று நம்பி நான் வண்டி ஓட்டமாட்டேன்.

இதனால் ஃபேசிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் வண்டியில் நடந்தது சரியான வேலை. தேய்ந்த பிளேட்டின் ரிவெட்டுகள் போட்ட வளையக் கோடுகள், பளபளவென்று வழவழத்துப்போன முகம், லேசான சூட்டு நிறம் இவ்வளவுதான் என்றால் சீவி எடுத்தால் போதும். கிரைண்டிங் என்றால் இன்னும் நல்லது. தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்சத் தடிமன் மிச்சம் இருக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் ரிலீஸ் பேரிங் தள்ளும் தூரம் மாறும். சில வண்டிகளில் பிளேட்டின் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட் தலைகளில் உரசும். படி வைத்த ஃப்ளைவீல் என்றால் இரண்டு மட்டத்தையும் ஒரே அளவு எடுக்க வேண்டும்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பல டீசல் கார்களில் இருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல்: இரண்டு பாகம், நடுவில் ஸ்பிரிங்குகள். முகம் நன்றாக இருந்தாலும் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கிரீஸ் கசிந்திருக்கலாம். அதை லேத்தில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பாகங்களுக்கும் இடையே உள்ள ஆட்டம் அளவை மீறியிருந்தால் மாற்றுவதுதான் வழி.

நான் புதிது வாங்கினேன். பழையதன் ரிங் கியரையும் அப்போதுதான் கவனித்தேன். நான்கு சிலிண்டர் என்ஜின் அணைக்கும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் நிற்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் அந்த இடத்துப் பற்களையே திரும்பத் திரும்பக் கடிக்கும். அந்த இரண்டு இடங்களில் பற்கள் மழுங்கியிருந்தன. கியர்பாக்ஸ் இறங்கியிருந்த அதே சமயத்தில் கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றச் சொன்னேன். அதில் கசிவு இருந்தால் புதுக் கிளட்ச் பிளேட் எண்ணெயில் நனைந்துவிடும். புது ஃப்ளைவீலின் முகத்தில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயைத் துடைத்தெடுத்து, புது போல்ட்டுகள் போட்டு, டார்க் ரெஞ்சால் குறுக்குக்குறுக்காக இறுக்கினார் மெக்கானிக். வண்டி இப்போது உதறாமல் கிளம்புகிறது.

உங்கள் வண்டிக்குக் கிளட்ச் வேலை வந்தால், ஃப்ளைவீல் பட்டறைக்குப் போகும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். நீலம் எவ்வளவு, விரிசலில் நகம் மாட்டுகிறதா, தடிமன் எவ்வளவு மிச்சம் என்று மூன்றையும் கேளுங்கள். லேத்காரர் வேண்டாம் என்று சொன்னால் இன்னொரு பட்டறை தேடாதீர்கள்.