மன்னன் குடித்த சூப்பும் எங்கள் கூழும்

‘ல கிராண்ட் செஃப்’ 2007இல் வந்த கொரியப் படம். ஹோ யங்-மான் வரைந்த சித்திரக்கதையிலிருந்து எடுத்தது. பேர்போன ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அடுத்த வாரிசு யார் என்று தீர்மானிக்க இரண்டு சமையற்காரரை மோதவிடுகிறார்கள். சமைக்க வேண்டியது நஞ்சுள்ள பேத்தை மீன். சுங்-சான் பரிமாறியதைச் சாப்பிட்ட நடுவர்கள் சுருண்டு விழ, அவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மரக்கறி விற்கப் போகிறான். எதிராளி போங்-ஜுவின் கைக்குக் கடை வருகிறது. பின்னர், அரண்மனையின் கடைசிச் சமையற்காரருடைய கத்தி ஜப்பானிலிருந்து திரும்பி வருகிறது. அதற்கொரு போட்டி. இருவரும் மறுபடி நேருக்கு நேர்.

சிரிப்புப் படந்தான். ஆனால், இறைச்சிச் சுற்றுக்காகச் சுங்-சான் தான் ஆசையாக வளர்த்த மாட்டைக் கொண்டுபோகிற இடத்தில் எனக்குச் சிரிப்பு அடியோடு நின்றுவிட்டது.

கடைசிச் சுற்றில், மன்னன் சுன்ஜொங் கண்ணீரோடு குடித்த சூப்பை மறுபடி ஆக்க வேண்டும். 1910இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியபோது அரியணையில் இருந்தவர் அவர். போங்-ஜு நுட்பமான இறைச்சிச் சூப் ஒன்று வைக்கிறான். சுங்-சான் வைப்பது யுக்கேஜாங். ஏழை பணக்காரர் எல்லாரும் குடிக்கிற காரச் சூப். இதையா மன்னனுக்குக் கொடுத்திருப்பார்கள் என்று அதைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். பிறகுதான் விளக்கம் வருகிறது. வாய் திறவாமல் உழுத மாடு குடிசனம். மிளகாய் எண்ணெய் அவர்களுடைய உறைப்பு. பூச்சி அண்டாத சேம்பந்தண்டு பணியாத நெஞ்சு. பன்னத்தண்டு எங்கும் படர்கிற உயிர். நாடு போன மன்னனுக்கு அந்தச் சமையற்காரர் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தது நாட்டைத்தான்.

கொரிய அரண்மனைக் குசினி கொழும்புக்குப் புதிதல்ல. 2003இல் வந்த ‘தே ஜாங் கும்’ தொடரை ரூபவாஹினி சிங்களத்தில் ‘சுஜாத தியணி’ என்று போட்டபோது வெள்ளவத்தை வீடுகளிலும் அந்த நேரத்துக்குத் தொலைக்காட்சி முன்னால் இடம் பிடித்தார்கள். ஆனால் அந்தச் சூப் என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் வேறு: ஒடியற்கூழ்.

மீன்தலை, நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, ஒரு பிடி அரிசி. செத்தல் மிளகாய் அரைத்த கூட்டு, பழப்புளி. எல்லாம் அவிந்த பிறகு ஒடியல் மா, அதாவது காயவைத்த பனங்கிழங்கை இடித்த மா. மாவை முன்னரே தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை மாற்றி மாற்றி ஊற்றிக் கைப்பை எடுக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் கூழுக்கு ஆசைப்படக் கூடாது. பனையையும் கடலையும் ஒரு பானைக்குள் கொண்டுவருகிற இந்தச் சாப்பாட்டைவிட யாழ்ப்பாணத்தைச் சுருக்கிச் சொல்ல வேறொன்றும் எனக்குத் தெரியாது.

இதன் பெறுமதியை எங்களுக்குக் காட்டியது யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதி. 2002இல் திறந்தார்கள், 2006 ஓகஸ்ட்டில் மூடினார்கள், போர் முடிகிற 2009 வரை அது மூடித்தான் கிடந்தது. அந்தக் காலத்தில் கப்பலிலோ விமானத்திலோ யாராவது ஊரிலிருந்து வந்தால், கொழும்பில் காலி வீதியின் ஒழுங்கைகளில் முதலில் விசாரிக்கிற விசயங்களில் ஒடியல் மாவும் ஒன்று. கிடைத்த ஒரு பொட்டலத்தை நாலு வீடு பங்கு போட்டோம். அப்படிக் கூழ் குடித்த முதியவர்கள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சுன்ஜொங் யாரென்று தெரியாது.

படத்தில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று உண்டு: போங்-ஜுவை வெறும் வில்லனாக்கியது. எதிராளி இல்லாத கை சோம்பிவிடும். வெள்ளவத்தையில் என் மாமி கூழுக்கு இறைச்சியைக் கிட்டவும் அண்டவிடமாட்டா. மாவும் தடிப்பாக இருக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு வேண்டப்பட்ட குருநகர் அன்ரி ஒருவர் அதைத் தண்ணிப்பதமாக வைப்பார், கணவாயும் திருக்கையும் தாராளம்.

“கூழெண்டால் கரண்டி நிக்கவேணும்” என்பா மாமி.

“அது களி. கூழெண்டால் குடிக்கவேணும் பிள்ளை” என்பார் அன்ரி.

ஒருவர் வைத்தால் மற்றவருக்குச் சட்டியில் பங்கு போகும். திரும்பி வருகிற சட்டியோடு குறையும் சேர்ந்து வரும்: புளி காணாது, நண்டு பழசு. அடுத்த தடவை புளி சரியாக இருக்கும். இந்தச் சண்டையால் இரண்டு குசினிகளிலும் கூழ் வருடத்துக்கு வருடம் திறமாகிக்கொண்டே வந்தது.

இப்போது வெள்ளவத்தையில் கூழைக் கடையிலும் வாங்கிக் குடிக்கலாம். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒரு போட்டி நடக்க வேண்டுமென்று மனதார ஆசைப்படுகிறேன். வெள்ளவத்தைக்காரர் ஒரு பக்கம், கொட்டாஞ்சேனைக்காரர் மறுபக்கம். வருகிறவர்கள் மாவைத் தங்கள் கையாலேயே ஊறவைத்துக் கைப்பெடுக்க வேண்டும். ஊற்றிக் கொடுப்பது பனையோலைப் பிளாவில்தான். ஒவ்வொரு பானைக்கும் பக்கத்தில் இருபது வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒரு பிள்ளை துடுப்போடு நிற்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் கிண்டத் தெரியாவிட்டால் பானைக்காரிக்குப் புள்ளி குறைக்கச் சொல்வேன், அது என் மாமியாகவே இருந்தாலும்.