ஒரிஜினல் சிடி வாங்கினவனுக்கு மட்டும் தலைவலி

டீமன் டூல்ஸ், ஆல்கஹால் 120%னு சொன்னா இப்ப வேலைக்குச் சேர்ற பசங்க முழிக்கறாங்க. (ரெண்டாவது பேரை வீட்டுல சத்தமா சொல்லிடாதீங்க.) ரெண்டும் செஞ்ச வேலை ஒண்ணுதான். இல்லாத சிடி டிரைவை இருக்கறதா விண்டோஸை நம்ப வைக்கறது. சிடியை ஒரே கோப்பா ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வெச்சுட்டா தட்டைத் தேட வேணாம், கீறல் பயமும் இல்லை.

கேம் கம்பெனிகளுக்கு இது பிடிக்கலை. சேஃப்டிஸ்க்னு ஒரு பூட்டு போட்டாங்க. சிடியில வேணும்னே சில இடத்தைப் படிக்க முடியாதபடி கெடுத்து வைப்பாங்க. அங்க பிழை வந்தா ஒரிஜினல், வரலைன்னா நகல். எமுலேட்டர்காரங்க அந்தப் பிழையையும் நடிச்சுக் காட்டினாங்க. அடுத்து பூட்டுக்காரங்க, எமுலேட்டர் பொட்டியில இருக்கான்னே மோப்பம் பிடிக்க ஆரம்பிச்சாங்க. இருந்தா, டிரைவுக்குள்ள ஒரிஜினல் சிடியே இருந்தாலும் கேம் ஓடாது!

எங்க பெரியப்பா பையன் மாட்டினது இதுலதான். அண்ணன் எப்பவும் ஒரிஜினல்தான் வாங்குவார். பர்மா பஜார் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டார். கேம் ஓடணும்னா எமுலேட்டரைத் தூக்குன்னு அவர்கிட்டயே சொல்லுச்சு. கிராக் வெச்சிருந்த அவர் ஃபிரண்டு நிம்மதியா விளையாடிட்டு இருந்தார்.

பாட்டு சிடி கதை இன்னும் மோசம். 2005 அக்டோபர் 31 அன்னிக்கு மார்க் ருசினோவிச், சோனி பிஎம்ஜி சிடி ஒண்ணு தன் பொட்டியில ரூட்கிட் போட்டிருக்கறதை எழுதினார். '$சிஸ்$'னு ஆரம்பிக்கற எந்தக் கோப்பையும் அது மறைச்சிடும். யாரோட கோப்புன்னெல்லாம் பாக்காது. கொஞ்ச நாள்லயே வைரஸ்காரங்க அதே பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாங்க. அதைக் கையால பிடுங்கினா சிடி டிரைவே காணாமப் போச்சு. நவம்பர்ல சிடிக்களைத் திரும்ப வாங்கினாங்க. 2006ல அதே ருசினோவிச், ஆல்கஹாலும் டீமன் டூல்ஸும்கூட தங்களை மறைக்க ரூட்கிட் வித்தையைத்தான் காட்டுதுன்னு எழுதினார். நம்மாளுங்களும் உத்தமர் இல்லைங்க. ஆனா அதை நாமளா தெரிஞ்சு போட்டுக்கிட்டோம். பாட்டு கேக்க வந்தவன் ரூட்கிட்டா கேட்டான்?

சேஃப்டிஸ்க்கோட டிரைவர் எக்ஸ்பி கூடவே வந்துச்சு. 2007ல அதுல ஒரு ஓட்டை வெளிய வந்து, மைக்ரோசாஃப்ட் ஒட்டு போட்டாங்க. 2015ல வந்த விண்டோஸ் 10ல அந்த டிரைவரையே எடுத்துட்டாங்க. பாதுகாப்புக்கு அது சரியான முடிவுன்னுதான் ஒரு புரோகிராமரா நான் சொல்வேன். ஆனா பூட்டு இருக்கு, சாவித் துவாரத்தை அடைச்சாச்சு. விண்டோஸ் 8ல இருந்து ஐஎஸ்ஓவை டபுள் கிளிக் பண்ணாலே திறக்குது, சிடிக்குள்ள இருக்கறதெல்லாம் தெரியுது. விளையாடத்தான் முடியலை.

அண்ணன் வீட்டு அலமாரியில பதினோரு டப்பா இருக்கு. "கிராக் போட்டுத் தரேண்ணா"ன்னு சொன்னேன். "நான் காசு கொடுத்த பொருளை நானே திருடணுமாடா?"ன்னார். அப்புறம் பூட்டே இல்லாம விக்கற ஜிஓஜியில தேடினோம். ரெண்டு கிடைச்சுது. மறுபடி காசு கட்டினார். மிச்சம் ஒம்பதும் அலமாரியிலதான் இருக்கு.