படிக்கட்டின் முதல் தூண்

வீடு கட்டுவோர் பங்குத்தந்தையிடம் வழக்கமாகக் கேட்பவை இரண்டு. அடிக்கல்லை மந்திரிக்க வர வேண்டும் என்பது ஒன்று. புதுமனை புகுவிழாவுக்கு நாள் ஒதுக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிமெண்டு, செங்கல், கம்பி, கடன் ஆகியவற்றில் நமக்கு வேலை இல்லை. ஆனால் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றின் ஓரமாக வீடு கட்டிக்கொண்டிருந்த அன்பர் ஒருவர், ஒருநாள் மாலை நம்மிடம் வந்து, “சாமி, மாடிப்படிக்கு ரெண்டு மரத்தூண் எடுக்கோணும். நீங்களும் வந்து பாத்துச் சொல்லோணுங்க” என்றார். நம் தந்தையார் தச்சுவேலை செய்தவர் என்று எப்போதோ மறையுரையில் சொல்லியிருந்தோம். அந்த ஒரு சொல் நம்மை மரக்கடை வரை கொண்டு சென்றது.

மாடிப்படியின் கைப்பிடிச் சட்டம் தொடங்கும் இடத்தில் தரையில் ஊன்றி நிற்கும் தூண், அது முடியும் இடத்தில் நிற்கும் தூண் ஆகிய இவ்விரண்டையே அவர் குறிப்பிட்டார். ஆங்கிலேயர் இதனை ‘நியூவெல்’ என்பர். அச்சொல் முதலில் சுழல் படிக்கட்டின் நடுத்தூணைக் குறித்தது. படிகள் யாவும் அதைப் பற்றிக்கொண்டே மேலே ஏறும். நேர்ப்படிக்கட்டில் நடுத்தூணுக்கு வேலை இல்லை என்றாலும் பெயர் மட்டும் முனைத்தூணுக்கு வந்து சேர்ந்தது. பெயருக்கேற்ற பொறுப்பும் அதற்கு உண்டு. இடையில் வரிசையாக நிற்கும் மெல்லிய கால்கள் குழந்தைகள் விழாமல் காக்கும். பார்வைக்கு அழகு தரும். ஆனால் இறங்கி வருகிறவர் தடுமாறிச் சாயும்போது அவருடைய எடை கைப்பிடியின் வழியே ஓடி வந்து நிற்பது முனைத்தூணில்தான். அது ஆடினால் எல்லாம் ஆடும்.

மரக்கடைக்கு நம்முடன் ஆசாரியார் ஒருவரும் வந்தார். நாமக்கல் வட்டாரத்தில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் பல ஆண்டு உழைத்து, முதுமையில் வீட்டு வேலைக்குத் திரும்பியவர். கடையில் கடைசல் பிடித்து, மெருகேற்றி நிறுத்தி வைத்த தூண்கள் பல இருந்தன. திராட்சைக்கொடி செதுக்கியவை சில. அன்னம் செதுக்கியவை சில. நிலம்பூர்த் தேக்கு, பர்மாத் தேக்கு, ஆப்பிரிக்கத் தேக்கு என்று கடைக்காரர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நமக்கு அன்னம் பிடித்துவிட்டது. “இதுவே நன்றாக இருக்கிறதே” என்றோம்.

ஆசாரியார் ஒன்றும் பேசாமல் அத்தூணைக் கவிழ்த்து, மெருகு படாத அடிப்பக்கத்தைக் காட்டினார். ஒரு மூலை முழுவதும் வெளுத்துக் கிடந்தது. “சாமி, இது வைரம் இல்லீங்க, வெளிறு. சாயம் பூசி ஒண்ணாக்கியிருக்காங்க. பூச்சி முதல்ல இங்கதான் வரும்” என்றார். பின்னர்ப் பொறுமையாக விளக்கினார். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் கறையான் எளிதில் அண்டாது. வெயிலிலும் மழையிலும் அதிகம் சுருங்கி விரியாது. ஆனால் இந்தப் பெருமையெல்லாம் வைரத்துக்கே உரியது, வெளிறுக்கு இல்லை. அடுத்தது ஈரம். பலகை என்றால் விரைவில் உலர்ந்துவிடும். நான்கு அங்குலக் கனமுள்ள தூண் அப்படியன்று. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது காற்றில் மரம் உலர்த்துவோரின் பழங்கணக்கு. அவசரப்பட்டுக் கடைந்தால் மேலே உலர்ந்து உள்ளே ஈரம் நிற்கும். கோடையில் நீளவாக்கில் பிளக்கும்.

அன்று ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். வழியில், “எவர்சில்வர்க் குழாய் வைத்தால் செலவும் குறைவு, வேலையும் சுளுவாயிற்றே, மரம் எதற்கு?” என்று அன்பரைக் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அம்மாவுக்காகங்க சாமி” என்றார்.

அவருடைய தாயாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. கண் நீர் அழுத்த நோய். இந்நோய் பக்கப் பார்வையை முதலில் தின்னும். நேரே இருப்பது தெரியும், காலடியில் இருப்பது தெரியாது. போன பார்வையை எந்த மருந்தும் மீட்டுத் தருவதில்லை. பழைய ஓட்டு வீட்டின் பின்புறம் சேர்த்துக் கட்டியிருந்த சிறு மாடியில் ஏறி, காவிரிப் பக்கம் முகம் வைத்து, மாலைதோறும் செபமாலை சொல்வது அந்தத் தாயின் நெடுநாள் வழக்கம். புது வீட்டில் அவருக்குக் கீழேயே நல்ல அறை அமைத்துவிட்டார்கள். மருமகள், படிக்கட்டின் அடியில் கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிடலாம் என்கிறார். குளிரும் வழுவழுப்புமான குழாயைவிட மரம் கைக்கு இதமாக இருக்கும் என்று மகன் நினைக்கிறார். ஆனாலும் அவருக்கும் அச்சம் போகவில்லை. “நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க” என்றார். தூண் தேட வந்தவர் மனத்தின் மறுபாதியில் பூட்டையும் வைத்திருந்தார்.

நாமும் சொன்னோம். மறுநாள் அவர்கள் தங்கியிருந்த வாடகை வீட்டுக்குச் சென்று, “அம்மா, செபம் எங்கிருந்து சொன்னாலும் ஆண்டவர் கேட்பார். இனிக் கீழேயே இருந்து சொல்லுங்கள்” என்றோம்.

“ஆண்டவரு எங்கிருந்தாலும் கேப்பாருங்க சாமி. எனக்குத்தான் ஆத்துக்காத்து கீழ வாறதில்லீங்க” என்றார் அந்தத் தாய். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, “நீங்க சொன்னாச் சரிங்க” என்றார்.

அந்தக் கடைசிச் சொல் நம்மை அன்று இரவு உறங்கவிடவில்லை. ஏனெனில் அதே சொல்லை அதே குரலில் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறோம். நம்மைப் பெற்ற அன்னை இறுதிக் காலத்தில் நம் அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தார். ஒருநாள் படியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். பெரிய காயம் ஒன்றுமில்லை. விடுமுறைக்குச் சென்றிருந்த நாம் அன்றே அவருடைய கட்டிலைக் கீழே இறக்கச் செய்து, “இனி மாடிக்குப் போக வேண்டாம்” என்று கூறினோம். திருநிலைப்பாட்டு நாளிலிருந்து நம்மைச் ‘சாமி’ என்றே அழைத்து வந்தவர் அவர். மகன் சொல்லியிருந்தால் மறுத்திருப்பார், சண்டைகூடப் போட்டிருப்பார். சொன்னவர் குரு. “சரிங்க சாமி” என்று கீழ்ப்படிந்தார். அதன்பின் அவர் மாடி ஏறவே இல்லை. அடுத்த தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்தார். மேலேயிருந்த சன்னலும், அதன் எதிரே நின்ற புளியமரமும், அங்கே வரும் கிளிகளும் அவருக்கு என்னவாக இருந்தன என்று நாம் கேட்கவில்லை. அந்தப் படிக்கட்டுக்கு உறுதியான பிடி ஒன்று அமைக்கலாமே என்ற எண்ணமும் நமக்குத் தோன்றவில்லை. தச்சரின் மகனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். அதிகாரம் எளிதாக இருந்தது. ஆகவே அதைக் கையாண்டோம்.

மறுநாள் திருப்பலி முடிந்ததும் அந்தத் தாயிடம் சென்று, நேற்றுச் சொன்னதை மறந்துவிடுமாறு கேட்டுக்கொண்டோம். மகனிடம், “பூட்டைப் பற்றிப் பிறகு பார்க்கலாம், முதலில் தூணைப் பார்ப்போம்” என்றோம். அவர் நீண்ட நேரம் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆசாரியாருக்கு ஆள் அனுப்பினார்.

மரம் கடையில் இல்லை. அவர்கள் தோட்டத்துச் சாளையிலேயே கிடந்தது. இடித்த ஓட்டு வீட்டின் கூரை மரங்களை விறகுக்கு விற்பதாக அங்கே குவித்திருந்தார்கள். கைமரங்கள் யாவும் பனை. நடுவே கிடந்த உத்திரம் வேம்பு. தொல்காப்பியர் மரபியலில், வெளிப்புறம் உறுதி கொண்டவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் கொண்டவற்றை மரம் என்றும் பகுத்திருக்கிறார். அவ்வாறு பார்த்தால் இவ்வூரின் செல்வமான தென்னையும் வாழையும் மரங்கள் அல்ல. அந்தப் பனங்கைகளும் அல்ல. ஆசாரியார் வேப்ப உத்திரத்தின் மேல் விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். உளியால் ஓரத்தைச் சீவினார். இரண்டு விரற்கடை அளவுக்கு வெளிறு உளுத்துப் பொடியாக உதிர்ந்தது. அதற்குள்ளே செந்நிறத்தில் வைரம் அப்படியே இருந்தது. பல பத்தாண்டுகள் அடுப்புப் புகையிலும் கூரைச் சூட்டிலும் உலர்ந்த மரம். இனிப் பிளக்க வேண்டியது ஒன்றுமில்லை. பழைய ஆணி இருந்தால் கடைசல் உளி உடைந்துவிடும் என்று நீளம் முழுதும் காந்தத்தை நகர்த்திப் பார்த்தார்.

“இந்த உத்தரத்துக்குக் கீழதானுங்க நான் விளக்கேத்தி வாழ வந்தேன்” என்றார் அந்தத் தாய்.

வடிவத்தைத் தேர்ந்தவர் அவரே. ஆசாரியார் பட்டறையில் மூன்று வகைத் தலைகளை மாதிரிக்குக் கடைந்து வைத்திருந்தார். தாயார் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். செதுக்கல் உள்ளதை, “விரல்ல குத்துது” என்று ஒதுக்கினார். கூம்பு வடிவத்தை, “கை வழுக்குது” என்றார். உள்ளங்கை கவியும் அளவில் உருண்டையாக இருந்ததைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். நாம் கடையில் விரும்பிய அன்னம் அந்தக் கைக்கு எவ்வளவு பயனற்றது என்று அப்போது புரிந்தது.

அவரை நிற்கவைத்து, மணிக்கட்டின் உயரத்தைப் பென்சிலால் குறித்து, அதற்கேற்பக் கைப்பிடியை அமைத்தார் ஆசாரியார். கீழ்த்தூணை முதற்படியின்மேல் வைக்காமல் அதற்கு ஓரடி முன்னதாகவே நிறுத்தினார். “காலு படியைத் தொடறதுக்கு முன்ன கை தூணைத் தொடோணும்” என்பது அவர் கூறிய காரணம். கீழ்த்தூணின் கழுத்தில் இரண்டு வரிகள், மேல்தூணின் கழுத்தில் ஒரு வரி எனக் கடைந்திருந்தார். ஏறும் முனையா, இறங்கும் முனையா என்பதை விரலே சொல்லிவிடும். கைப்பிடியைத் துளையும் கழுந்துமாக இணைத்தார். தூணின் அடி நீரை உறிஞ்சாதிருக்க, கீழே ஒரு கருங்கல் துண்டு வைத்து, காங்கிரீட்டினுள் இறங்கும் இரும்புக் கம்பியால் இறுக்கினார். நாம் முழு பலத்தோடு அசைத்துப் பார்த்தோம். அசையவில்லை.

அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரில் முன்பு லொரெட்டோ சகோதரிகளுடையதாக இருந்த சிற்றாலயத்தில் 33 படிகள் கொண்ட மரச்சுழற்படிக்கட்டு ஒன்று உண்டு. நடுத்தூண் இல்லாமலே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி ஏறும் அதனைச் சூசையப்பரே வந்து கட்டினார் என்று பக்தியுடன் சொல்வார்கள். உள்விளிம்புச் சட்டத்தின் நெருக்கமான வளைவே ஏறத்தாழத் தூணாக நின்று தாங்குகிறது என்பர் அறிந்தோர். அப்படிக்கட்டு முதலில் கைப்பிடி இல்லாமல் இருந்தது. இறங்க அஞ்சியவர்கள் உண்டு. 1887-இல்தான் கைப்பிடி பொருத்தினார்கள். வியப்பைக் கட்டியவரைப் பற்றி எத்தனையோ கதைகள் வழங்குகின்றன. அச்சத்தைப் போக்கியவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நாசரேத்தூர்த் தச்சர் இவ்விருவரில் எவ்வேலையை விரும்பியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தோம்.

தொடக்க நூலில் யாக்கோபு கண்ட ஏணிக் கனவைப் பலமுறை மறையுரையாக ஆற்றியிருக்கிறோம். அவர் எதிலிருந்து ஓடி வந்தார் என்பதை அப்போதெல்லாம் விரைந்து கடந்துவிடுவோம். பார்வை மங்கிய தந்தை கையால் தடவி அறிய முயன்றபோது, அந்தக் கையை ஏமாற்றிவிட்டு வந்த மகன் அவர். அத்தகையவருக்கே விண்ணைத் தொடும் ஏணி காட்டப்பட்டது. விடிந்தபோது ஏணி இல்லை, வானதூதரும் இல்லை. தலைக்கு வைத்திருந்த கல்லை எடுத்து, அவ்விடத்தில் தூணாக நிறுத்தினார். ஏணியைக் கட்டுவது மனிதரால் ஆகாது. அதன் அடியில் ஒரு தூணை ஊன்றுவது நம்மால் ஆகும்.

புதுமனை புகுவிழா அன்று வீட்டை மந்திரித்து முடித்ததும், அந்தத் தாய் கீழ்த்தூணின் தலையில் கையை வைத்தார், வரிகளை எண்ணினார், ஏறினார். பேத்தி இரண்டு படி பின்னால் சென்றாள். மருமகள் கீழே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அச்சத்தையும் அன்பென்றே சொல்ல வேண்டும். மேலே போனதும் செபமாலை தொடங்கியது. கொடிக்காலில் அகத்தியைப் பற்றி நின்ற வெற்றிலைக் கொடிகள் ஆற்றுக் காற்றில் அசைந்துகொண்டிருந்தன. ஒருநாள் அவரால் ஏற முடியாமல் போகும். அன்று அதை அவரே சொல்லட்டும் என்று மகன் நம்மிடம் மெதுவாகக் கூறினார்.

அன்புள்ள இறைமக்களே, உங்கள் இல்லத்து முதியவருக்காக ஒரு கதவைப் பூட்ட எண்ணும் நாளில், அந்த இடத்தில் ஒரு தூணை நிறுத்த இயலுமா என்று முதலில் கேளுங்கள். கேட்காமல் போன ஒருவரின் வேண்டுகோள் இது. நவம்பர் மாதத்தில் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது, நம் அன்னையிடம் நாமும் இதைச் சொல்லியிருக்கிறோம். குருவாக அல்ல, மகனாக.