ஊர் கேட்ட கேள்விகள்

கள ஆய்வுக்குப் போகிறவனுக்கு ஊர்க்காரர்கள் சொல்வதெல்லாம் தரவு. அவர்கள் அவனைத் திருப்பிக் கேட்பது? அது குறிப்பேட்டில் ஏறுவதில்லை. கடற்கரை ஊர்களில் வாய்மொழி வரலாறு சேகரிக்கும் எனக்கு, அதையும் எழுத வேண்டும் என்று கற்றுத்தந்தவர் எழுத்தாளர் அமிதவ் கோஷ்.

1980இல் ஆக்ஸ்போர்டு மாணவராக எகிப்தின் நைல் கழிமுகச் சிற்றூர் ஒன்றில் தங்கினார். பின்னர் அவர் எழுதிய நூலில் அதன் பெயர் லதைஃபா. உறவுமுறையையும் ஊர்ப் பொருளாதாரத்தையும் பற்றிய அந்த ஆய்வு 1982இல் முனைவர் பட்டம் பெற்றுத்தந்தது. பத்தாண்டு கழித்து வந்த ‘இன் ஆன் ஆன்டீக் லேண்ட்’ நூலில்தான் ஊர் வாய்திறக்கிறது. மாட்டைக் கும்பிடுவீர்களாமே, இறந்தவர்களை எரிப்பீர்களாமே, சுன்னத்து செய்வதில்லையாமே என்று துருவுகிறார்கள். மானுடவியலாளர் பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறார். ஓர் இமாமோடு மூண்ட வாக்குவாதம், யார் நாட்டிடம் பெரிய பீரங்கியும் வெடிகுண்டும் இருக்கின்றன என்பதில் போய் நிற்கிறது. மேற்குலகின் ஆயுதபலத்தை இருவருமே அளவுகோலாக ஏற்றுக்கொண்டதை உணர்ந்து மனம் உடைகிறார். தன் தோல்வியை இவ்வளவு நேர்மையாக எழுதிய ஆய்வாளரை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அதே நூலின் இன்னொரு இழை 12ஆம் நூற்றாண்டில் ஓடுகிறது. கெய்ரோவின் பென் எஸ்ரா யூத ஆலயத்தில் சேர்ந்துகிடந்த பழைய காகிதங்களில், மங்களூரில் வாணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவுக்கு ஏடனிலிருந்து வந்த கடிதங்களும் இருந்தன. சரக்குக் கணக்குகளுக்கு நடுவே அவருடைய அடிமைக்கும் ஒரு வணக்கம். பொம்மா என்று கோஷ் அடையாளம் காணும் அந்த மனிதரைத் தேடித்தான் நூலே நகர்கிறது. எபிரேய எழுத்தில், அரபி மொழியில் எழுதப்பட்ட அந்தக் கடிதங்களைப் படிக்க, லதைஃபாவின் உழவர்களிடம் கற்ற பேச்சு அவருக்குக் கைகொடுத்தது. களப்பணிக்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியாது.

அவருடைய ‘தி ஹங்ரி டைட்’ (2004) நாவலில் சுந்தரவனத்து மீனவன் ஃபோகிர், எழுத்தறியாதவன். டால்பின்களைத் தேடி வரும் ஆய்வாளர் பியாவுக்கு அவன்தான் ஆசான். ‘சீ ஆஃப் பாப்பீஸ்’ (2008) அபினி பயிரிடும் கிராமத்திலிருந்து மொரீஷியஸுக்குக் கப்பலேறும் கூலிகளின் கதை. அதில் தொடங்கும் முத்தொகுதியின் அடுத்த பாகமான ‘ரிவர் ஆஃப் ஸ்மோக்’கில் ஆவணங்களின் பாரம் கதையைச் சில இடங்களில் அழுத்துகிறது என்பது என் எண்ணம். ஆனாலும், வரலாற்றில் ஒரு வரிகூடக் கிடைக்காதவர்களுக்கு முழு வாழ்வைக் கொடுத்துவிடுகிறார்.

என் களப்பணியில், கருவாடு காயவைக்கும் ஓர் அம்மா என்னைக் கேட்டார்: “இதையெல்லாம் எழுதி எங்களுக்கு என்ன ஆவப்போவுது தம்பி?” அதை அப்படியே எழுதி வைத்தேன். இப்போது எழுதும் நூலின் ஓர் அத்தியாயம் அந்தக் கேள்வியைச் சுற்றியே வளர்கிறது.

களத்துக்குப் போகும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊர்ப்பெரியவரிடம் நேர்காணல் எடுக்கும்போது, தேநீர் கொண்டுவந்து வைப்பவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.